மின்மினியும் மருந்தின் அளவும்



சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில் மணவூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. அது என் ஊர். இளமையில் ஒரு மழைக்கால இரவு. ஜுரத்தால் வாடிய என் தம்பிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, என் தாயார் திருத்தணிகை இருக்கும் திசை நோக்கிக் கைகூப்பினார். வெளியே வேலியில் மின்மினிகள் மினுக்கிக்கொண்டிருந்தன. அம்மாத்திரையில் மருந்து உரிய அளவில் இருந்ததா என்பதை அவர் எப்படி அறிவார்? அக்கேள்விக்கும் அந்த மின்மினிக்கும் தொடர்பு உண்டென்பதைப் பிற்காலத்திலேதான் கற்றேன்.

கேள்வி சிறிதன்று. குறைந்த அளவு பென்சிலின் கிருமியைக் கொல்லாது, அதற்கு எதிர்க்கும் ஆற்றலையே அளித்துவிடும் என்று, அம்மருந்தைக் கண்ட அலெக்சாந்தர் பிளெமிங் 1945-ல் தமது நோபெல் சொற்பொழிவிலேயே எச்சரித்தார்.

அளப்பது எப்படி? 1940-ஐ ஒட்டி ஆக்ஸ்போர்டில் நார்மன் ஹீட்லி, கிருமி பரப்பிய தட்டில் சிறு குழல்களை நிறுத்தி, அவற்றில் மருந்தை ஊற்றினார். குழலைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் பெரிதானால் மருந்தின் வீரியமும் பெரிது. நல்ல முறைதான், ஆனால் கிருமி வளர ஓர் இரவு காத்திருக்க வேண்டும்.

விரைவான ஒரு வழிக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் சென்னையில் மருத்துவம் பயின்றவர். 1895-ல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, உயிர்களின் ஆற்றலைத் தாங்கும் ஏ.டி.பி. என்ற பொருளை 1929-ல் கண்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் அதைத் தனியே கண்டார். மின்மினி ஒளிவிட அப்பொருள் வேண்டும் என்று 1947-ல் வில்லியம் மக்எல்ராய் காட்டினார்.

உயிருள்ள கிருமியில் ஏ.டி.பி. உண்டு, மருந்து அக்கிருமியை அடக்கினால் அது குறையும். ஆகவே, மருந்தோடு சில மணி நேரம் வைத்த கிருமியிலிருந்து அதை வெளிப்படுத்தி, மின்மினியின் ஒளிப்பொருள்களைச் சேர்த்தார்கள். ஒளி மங்கினால் மருந்து வீரியமுடையது. அளவு தெரிந்த மருந்தோடு ஒப்பிட்டால் கணக்குக் கிடைத்துவிடும். பின்னர்க் கிருமியே இல்லாமல், டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளை இரசாயன வினைக்கு உட்படுத்தி, அப்போது எழும் மெல்லொளியைக் கருவியால் அளக்கும் முறைகளும் வந்தன. சில நிமிஷங்களில் விடை தெரியும். அக்குடும்பத்தின் முதல் மருந்தாகிய ஆரியோமைசின், சுப்பாராவ் தலைமை வகித்த ஆராய்ச்சிச்சாலையிலிருந்து 1948-ல் வெளியாயிற்று. அவர் மறைந்ததும் அவ்வாண்டிலேதான்.

என் தம்பி பிழைத்தான். தாயாரின் நம்பிக்கை வீண்போகவில்லை. எந்தத் தாயின் நம்பிக்கையும் வீண்போகாமல் காப்பது, சோதனைக்கூடத்தில் அமர்ந்து அளப்பவரின் கடமை. உங்களுள் சிலரேனும் அப்பணிக்கு வருவீர்களாக.