பிறவிக் குற்றவாளி உண்டோ?

குழந்தை தாயின் மடியில் தவழும்போதே, அதனை நாளைய திருடன் என்று அரசாங்கம் எண்ணியிருந்த காலம் ஒன்று இந்நாட்டில் உண்டு. நம் இளைஞர்களில் பலர் இதனை அறியார். அறிந்த சிலரும், அது எங்கோ மதுரைப் பக்கத்தில் நடந்த செய்தி என்றே கருதுகின்றனர்.

1871ஆம் ஆண்டு ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி. அவ்வாறே சில சாதிகளில் திருட்டு பரம்பரைத் தொழில் என்பதுதான் அச்சட்டத்தின் அடிப்படை எண்ணம். முதலில் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் சென்னை மாகாணத்தையும் பற்றியது. விரல்ரேகை பதிக்கப்பட்டமையால் மக்கள் இதனை 'ரேகைச் சட்டம்' என்றனர். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் இதனை எதிர்த்துத் துப்பாக்கிக்கு இரையான கள்ளர் பெருமக்களின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. ஆனால் அதே பட்டியலில், நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்து வேப்பூர்ப் பறையர்களும் வைக்கப்பட்டிருந்தனர் என்பது ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை. நிலமற்றோர், பண்ணையாட்கள், பஞ்சத்தில் முதலில் சாகிறவர்கள் ஆகியோரின் வறுமையை ஆராயாது, இரத்தத்தை ஆராய்ந்தது அன்றைய அரசு. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியிலும் சீர்திருத்தப் பள்ளியிலும் வைக்கவும் அச்சட்டம் இடங்கொடுத்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31இலும் அச்சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தாலும் சொல் ஒழியவில்லை. "சேரிப் பிள்ளைகள் முரடர்கள்" என்று இன்றும் பேசுகின்றவர்கள், தாம் 1871இன் குரலில் பேசுகிறோம் என்பதை உணர்வதில்லை.

இரத்தமா, வளர்ப்பா என்னும் இவ்வினாவை ஒரு தலைமுறைக் காலம் பொறுமையுடன் ஆராய்ந்தவர் கனடா நாட்டு உளவியலறிஞர் ரிச்சர்டு டிராம்பிளே. 1984ஆம் ஆண்டு மாண்ட்ரியல் நகரின் ஏழ்மைப் பகுதிகளில், மழலையர் வகுப்பில் படித்த 1,037 சிறுவர்களை அவரும் அவர்தம் குழுவினரும் தேர்ந்து, அவர்கள் வளர்ந்து ஆளாகும்வரை தொடர்ந்து கவனித்தனர். பதின்வயதில் தீய கூட்டுறவால்தான் பையன் அடிதடிக்குப் பழகுகிறான் என்பது பொதுவான நம்பிக்கை. ஆய்வில் தெரிந்ததோ வேறு. 6 வயதிலிருந்து 15 வயது வரை பெரும்பாலோரிடம் அடிக்கும் குணம் குறைந்துகொண்டே வந்தது. ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடமே அது தணியாது நின்றது. அமைதியாயிருந்த பிள்ளைகள் பதின்வயதில் திடீரென முரடராகித் தொடர்ந்து முரடராகவே இருந்த தனிக்கூட்டம் எதுவும் தென்படவில்லை.

அவ்வாறாயின் இக்குணம் எப்போது தொடங்குகிறது? இதனை அறியக் கைக்குழந்தைகளையே ஆராயத் தொடங்கினர். அடிப்பது, கடிப்பது, பிடுங்குவது ஆகியவை 2, 3 வயதை ஒட்டியே உச்சத்தை அடைகின்றன; அதுவும் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளிடத்தும். இக்கருத்தை நம் இளைஞர்கள் ஊன்றி நோக்க வேண்டும். மனிதன் அடிக்கக் கற்றுக்கொள்வதில்லை, அடிக்காதிருக்கவே கற்றுக்கொள்கிறான். பேச்சு வளர, விளையாட்டில் முறைவைக்கப் பழக, கையைப் பிடித்து "வேண்டாம் கண்ணு" என்று சொல்ல ஒருவர் அருகிருக்க, அக்குணம் தணிகிறது. அக்கிரகாரத்துக் குழந்தையும் சேரிக் குழந்தையும் இதில் ஒன்றே. (களவும் ஊர்சுற்றலும் வேறு, அவை பதின்வயதில் புதிதாகத் தோன்றிப் பலரிடம் தாமே மறைவதும் உண்டு என்பதை டெர்ரி மாஃபிட் என்னும் உளவியலறிஞர் 1993இல் விளக்கியுள்ளார்.)

டிராம்பிளே குழுவினர் கணக்கெடுப்போடு நிற்கவில்லை. மிக்க முரட்டுத்தனம் காட்டிய சிறுவர்களுள் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, 7 வயதிலிருந்து 9 வயது வரை இரண்டாண்டுகள், வீட்டில் பெற்றோருக்கும் பள்ளியில் பிள்ளைகளுக்கும் பயிற்சி அளித்தனர். 24 வயதில் கணக்குப் பார்த்தபோது, பயிற்சி பெற்றோரில் ஏறத்தாழ நூற்றுக்கு 46 பேர் உயர்நிலைப் படிப்பை முடித்திருந்தனர். பெறாதோரில் 32 பேரே. குற்றப் பதிவு உடையோர் முன்னவரில் 22, பின்னவரில் 33. இப்பணிக்காக 2017ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் குற்றவியல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. 2005இல் பிரான்சு நாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒன்று, மிகச் சிறு வயதிலேயே இத்தகைய பிள்ளைகளைக் கண்டறிய வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. மூன்று வயதுக் குழந்தைக்கு நடத்தைச் சான்றிதழா என்று ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் கையெழுத்திட்டு எதிர்த்தனர். அவர்கள் அஞ்சியது முறையே. பதிவேடு என்றால் என்னவென்று பிரெஞ்சுக்காரரைவிட நாம் நன்கறிவோம். உதவி செய்யக் கண்டறிவது ஒன்று, பெயர் குறித்து வைப்பது மற்றொன்று.

சென்னை மாகாணத்தில் 1920இல் வந்த சிறார் சட்டம் இந்தியாவிலேயே முதலாவது. சிறுவனைச் சிறைக்கு அனுப்பலாகாது என்பது அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்ததே. ஆனால் 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்தில், திருட்டு வழக்கில் அடைக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் அடிபட்டு இறந்தான், ஊழியர்கள் கைதாயினர். பத்து வயதிற்குள் செய்யத் தவறியதைப் பதினேழு வயதில் பிரம்பால் செய்ய முயன்றால் விளைவது இதுவே.

முரட்டுத்தனம் தணியாத குழந்தைகளின் இல்லங்களில் டிராம்பிளே கண்டவை யாவை? வறுமை, பள்ளிப் படிப்பை முடிக்காத தாய், மிக இளவயதில் முதற்பேறு. இவற்றுள் ஒன்றேனும் இரத்தத்தில் இல்லை. இனி நம் கிளியனூர்ப் பகுதிக்கு வருவோம். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டுமென்று விடியுமுன்பே மரக்காணத்து உப்பளத்திற்குப் புறப்படும் தாய், அங்கன்வாடி திறக்கும் நேரத்திற்குள் பாத்தியில் பாதி வேலையை முடித்திருப்பாள். இடைப்பட்ட நேரத்தில் கைக்குழந்தையைத் தூக்கிச் சுமப்பவள் பத்து வயது அக்காள். பத்தாண்டு கழித்துத் தாயாகப் போகிறவளும் அவளே. நம் சங்கத்து இளைஞர்கள் அப்பெண்ணின் பள்ளி வருகைப் பதிவேட்டை, பங்குனி முதல் ஆனி வரையிலான உப்பள மாதங்களுக்கு மட்டும் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.