கோடிட்ட இடம்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூட வாசற்படியை மிதித்த எவரும் மறக்க முடியாத கட்டளை ஒன்று உண்டு. 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்பதுதான் அது. அந்தக் கோட்டைக் கண்டு கலங்கியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள்; அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தவர்கள் சிலரே. விசாரித்தால் சுவையான சரித்திரம் கிடைக்கிறது.

ஜெர்மனியில் அந்நாளில் பிரெஸ்லௌ என்றொரு நகரம் இருந்தது. இன்று அது போலந்து நாட்டைச் சேர்ந்தது. அங்கே பள்ளிகளில் காலை முதல் ஐந்து மணி நேரம் தொடர்ந்து பாடம் நடந்து வந்தது. பிள்ளைகளின் மூளை களைத்துப் போகிறதா என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஹெர்மன் எபிங்ஹௌஸ் என்ற மனோதத்துவ நிபுணர் சோதித்துப் பார்க்க முன்வந்தார். கணக்குப் போடச் சொன்னார். எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மூன்றாவதாக, ஓர் உரைநடைப் பகுதியில் ஆங்காங்கே சொற்களையும் அசைகளையும் எடுத்துவிட்டு, 'நிரப்புங்கள்' என்றார். கெட்டிக்காரப் பிள்ளை எது, பின்தங்கிய பிள்ளை எது என்பதை இந்த மூன்றாவது சோதனைதான் நன்றாகப் பிரித்துக் காட்டியது. 1897-இல் இதை அவர் வெளியிட்டார். களைப்பை அளக்கப் புறப்பட்டவர் கையில் அறிவை அளக்கும் கோல் அகப்பட்டது!

1905-இல் பிரான்ஸில் பினே தம்முடைய அறிவுச் சோதனையில் இதைச் சேர்த்துக்கொண்டார். பிறகு அது அமெரிக்காவுக்குப் போயிற்று. கல்லூரியில் சேர அங்கே எழுதும் 'சாட்' பரீட்சையில் நெடுங்காலம் இருந்து, 2016-இல்தான் நீக்கப்பட்டது. இடையே 1953-இல் வில்சன் டெய்லர் என்பவர் ஒரு வேடிக்கை செய்தார். சொற்களை ஒழுங்கான இடைவெளியில் எடுத்துவிட்டு, படிப்பவர் எத்தனையை நிரப்புகிறார் என்று எண்ணினார். படிப்பவரை அளக்க அல்ல. எழுதியவரின் நடை எவ்வளவு தெளிவு என்று அளக்க! கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு இதைப் படித்ததும் சற்று நடுக்கமாகவே இருந்தது.

நம் நாட்டில் வங்கி வேலைக்கான பரீட்சைகளில் இந்தக் கோடு இன்னும் வாழ்கிறது. ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் வீட்டில் அதைப் பார்த்தேன். தந்தை தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். மகள் சுவரோரம் ஆங்கிலப் புத்தகத்தோடு அமர்ந்திருந்தாள். அரிய சொற்களும் பொருளுமாக ஒரு தடித்த நோட்டு முழுவதும் எழுதி உருப்போட்டிருந்தாள். ஆனாலும் ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டாள்.

"நாலு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியுது சார். எதைப் போடறதுன்னுதான் தெரியலை" என்றாள்.

தறி நின்றது. பாவில் ஓர் இழை அறுந்திருந்தது. "என்னம்மா, உனக்கும் அறுந்து போச்சா?" என்று சிரித்துக்கொண்டே தந்தை குனிந்தார். புது இழையை அவர் எடுத்த எடுப்பில் முடிந்துவிடவில்லை. இந்தப் பக்கத்து இழை எந்த விழுதில் போகிறது, அந்தப் பக்கத்து இழை அச்சில் எந்தக் கண்ணில் நுழைகிறது என்று முதலில் பார்த்தார். நடுவே காலியாக நின்ற கண் தானே தெரிந்தது. பிறகுதான் அதே நிறத்து இழையை எடுத்தார்.

சூட்சுமம் அவ்வளவுதான். விடைகளைப் பார்க்குமுன் வாக்கியத்தைப் பார்க்க வேண்டும். 'அவர் பெருஞ்செல்வராக இருந்தும் ______ வாழ்ந்தார்' என்று ஒரு கேள்வி. 'ஆடம்பரமாக', 'எளிமையாக' என்று விடைகள். 'இருந்தும்' என்பதிலுள்ள 'உம்' எதிர்மாறான பொருளைக் கேட்கிறது, எளிமைதான் விடை. அதையே 'இருந்ததால்' என்று மாற்றுங்கள். ஆடம்பரம் ஓடி வந்து உட்கார்ந்துவிடும். பெரிய சொல்லின் தலைவிதியைச் சின்ன இடைச்சொல் நிர்ணயிக்கிறது! ஆங்கிலத்திலும் 'ஆல்தோ', 'பிகாஸ்' என்பவை இதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரே விடை கேட்கும் கேள்வியில் இரண்டு சொற்கள் ஒரே பொருளைத் தந்து, இரண்டும் ஒன்றுபோலப் பொருந்தினால், இரண்டையும் தள்ளிவிடலாம். அந்தப் பெண் புத்தகத்தை மறுபடி எடுத்து, விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தைப் படித்தாள். விடை வந்தது.

ஆனால் எல்லா இடத்தையும் நிரப்பித்தான் ஆக வேண்டுமா? அந்த வங்கிப் பரீட்சையில் தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் பிடித்துக்கொள்வார்கள். வெறுமனே விட்டால் ஒன்றும் குறையாது. வேலைக்கும் வேலையின்மைக்கும் இடையே கால் மதிப்பெண் நிற்கும்போது, எதை விடுவது என்பதும் ஒரு கல்விதான்.

அந்தக் கல்விக்கு நம்மிடையே ஒரு பேராசான் இருந்தார். உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடுகளில் 267, 268-ஆம் பாடல்கள் இல்லை. வேறு பல பாடல்களில் சொற்களும் அடிகளும் சிதைந்திருந்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் அவர். செய்யுள் இயற்றவும் வல்லவர். நினைத்திருந்தால் பழம்புலவர் குரலிலேயே சில அடிகளைக் கட்டிச் சேர்த்திருக்கலாம், கண்டுபிடிப்பார் யார்? அவரோ சிதைந்த இடங்களில் புள்ளியிட்டு, காலியாகவே விட்டுவைத்தார்.

அண்டைச் சொற்கள் சாட்சி சொன்னால் நிரப்பலாம். சாட்சி இல்லையென்றால் கை வைக்கக் கூடாது. அந்த இரண்டு பாடல்களின் இடமும் இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது. அதனால்தான் மற்றப் பாடல்களை நாம் நம்பிப் படிக்கிறோம்.