போவதா, வேண்டாமா? – பாரிஸ், 1961 அக்டோபர் 17

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் வரலாறு என்றால் பஸ்தீ சிறை தகர்ந்த 1789 ஜூலை 14, மனித உரிமைப் பிரகடனம், மூன்று வார்த்தை மந்திரம். இவற்றைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்போம். ஆனால் நாங்கள் அரைக்கால் டவுசர் போட்டுக்கொண்டிருந்த வயதில் அதே பாரிஸில் நடந்த ஒன்றைப் பற்றி ஒரு வரிகூட யாரும் சொன்னதில்லை. நம் புதுச்சேரியில் வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருக்கிறார். அல்ஜீரியப் போருக்குப் போய்வந்த சொல்தாக்களும் நம் தெருக்களில் வாழ்ந்தார்கள். ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான கதை அல்ல.

1961-இல் அல்ஜீரியா பிரான்சின் ஒரு பகுதி. விடுதலைப் போர் ஏழு ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. பாரிஸ் வட்டாரத்தில் சுமார் ஒன்றரை லட்சம் அல்ஜீரியர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் தொழிற்சாலைக் கூலிகள், கட்டட வேலைக்காரர்கள். பலர் நாந்தேர் போன்ற புறநகர்களின் தகரக் கொட்டகைக் குடியிருப்புகளில் சேற்றோடு சேறாக வாழ்ந்தார்கள். சட்டப்படி இவர்கள் அந்நியர்கள் அல்ல, பிரெஞ்சுக் குடிமக்கள்.

போர் பாரிஸுக்குள்ளும் வந்திருந்தது. விடுதலை முன்னணியின் ஆட்கள் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கத்துக்குள் போலீசாரில் பத்துப் பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள். இதை மறைக்கக் கூடாது. போலீஸ் தலைவர் மொரிஸ் பாப்போன், இறந்த போலீஸ்காரர் ஒருவரின் இறுதிச் சடங்கில், ஓர் அடி வாங்கினால் பத்து அடி திருப்பிக் கொடுப்போம் என்ற பொருளில் பேசினார். மேலிடம் அப்படிப் பேசினால் கீழே இருப்பவன் அதை உத்தரவாகவே எடுத்துக்கொள்வான் என்பது நாற்பது வருடம் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

அக்டோபர் 5-ஆம் தேதி அறிவிப்பு ஒன்று வந்தது. அல்ஜீரியத் தொழிலாளர்கள் இரவு எட்டரை முதல் காலை ஐந்தரை வரை தெருவில் நடமாட வேண்டாம் என்று ‘மிக அவசரமாக அறிவுறுத்தப்படுகிறார்கள்’. கவனியுங்கள், ‘தடை’ என்ற சொல் இல்லை. குடிமக்களில் ஒரு பிரிவுக்கு மட்டும் தடை போட்டால் அரசியல் சட்டம் இடிக்கும். அதனால் ‘அறிவுரை’. கோப்பு எழுதிப் பழகிய கைகளுக்கு இந்தச் சாமர்த்தியம் புரியும். கூட்டமாகப் போகாமல் தனித்தனியாகப் போகும்படியும் அறிவுரை. அவர்கள் கூடும் காப்பிக் கடைகள் மாலை ஏழு மணிக்கே மூட வேண்டும். இரவு ஷிப்டு வேலைக்காரன் என்ன செய்வான்? அதைவிட முக்கியமான கேள்வி, தெருவில் போகிறவன் அல்ஜீரியன் என்று போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்? தோலையும் தலைமுடியையும் பார்த்துத்தான். அப்படிப் பார்த்ததில் இத்தாலியரும் போர்ச்சுகீசியரும்கூடப் பிடிபட்டு அடி வாங்கினார்கள்.

இந்த நிலையில்தான் ‘போவதா, வேண்டாமா’ என்ற கேள்வி எழுந்தது. விடுதலை முன்னணியின் பிரான்சுக் கிளை, 17-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை எல்லோரும் குடும்பத்தோடு பாரிஸின் நடுத்தெருக்களுக்கு வரவேண்டும் என்றது. கையில் ஒரு பேனாக்கத்திகூட இருக்கக் கூடாது, அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது என்று கண்டிப்பான கட்டளை. கிளம்பும்போதே அவர்களின் சட்டைப்பைகளை முன்னணியின் ஆட்கள் சோதித்தார்கள்.

போனவர்கள் அனைவரும் சுயமாக முடிவு செய்தவர்களா? இல்லை. அந்தக் கட்டளையை மீறினால் முன்னணி சும்மா விடாது என்ற அச்சமும் பலருக்கு இருந்தது. உத்தரவு போட்ட தலைமை ஜெர்மனியில் இருந்தது. நடந்தவர்கள் நாந்தேர்க் கூலிகள். ஆனால் அச்சம் மட்டும் இருந்திருந்தால் அவர்கள் நல்ல கோட்டும் டையுமாக, விசேஷத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வந்திருக்க மாட்டார்கள். எங்களைக் கண்ணில் படாதே என்கிறாயா, உன் நகரத்தின் நடு வீதியிலேயே வந்து நிற்கிறோம், பார் என்ற மான உணர்வும் அதில் இருந்தது.

ஒரு வீட்டில் இந்தக் கேள்வி சண்டையாகவே வந்தது. ஃபாத்திமா பெதார் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி. தாய் போகக் கூடாது என்றார். மகள் வாக்குவாதம் செய்துவிட்டு, புத்தகப் பையோடு வெளியே போனாள். அக்டோபர் 31-ஆம் தேதி சேன்-தெனி கால்வாயில் அவள் உடல் கிடைத்தது. நீண்ட பின்னலைப் பார்த்துத்தான் தந்தை அடையாளம் சொன்னார்.

அன்று மாலை மழை. இருபதாயிரம் முதல் முப்பதாயிரம் பேர் வந்தார்கள். மெட்ரோ வாசல்களிலும் பாலங்களிலும் போலீஸ் காத்திருந்தது. போலீசார் சுடப்பட்டு இறந்துவிட்டதாக வயர்லெஸ்ஸில் பொய்ச் செய்தி பரவ, வெறி ஏறியது. தடியடி, துப்பாக்கிச் சூடு. பிடிபட்டவர்களைப் பாலத்திலிருந்து சேன் நதியில் தள்ளினார்கள். பதினோராயிரம் பேருக்கு மேல் கைது. பேருந்துகளில் அடைத்து விளையாட்டு அரங்குகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் அடி. அரங்கு ஒன்றில் 20-ஆம் தேதி அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ரே சார்ல்ஸின் கச்சேரி இருந்தது. அதற்காகக் கைதிகளை வேறிடத்துக்கு மாற்றி, அரங்கைக் கழுவிவிட்டுக் கச்சேரி நடத்தினார்கள்.

அரசு சொன்ன சாவு எண்ணிக்கை மூன்று. வரலாற்றாசிரியர்கள் சொல்வது முப்பது, நாற்பதில் தொடங்கி இருநூறு வரை போகிறது. 1936 ஜூலை 30 அன்று நம் ஊர் ஆலைத் தொழிலாளர்கள் பிரெஞ்சுப் போலீசின் துப்பாக்கிக்குப் பலியானபோது, இறந்தவர் 12 பேர் என்ற கணக்காவது நமக்கு மிஞ்சியது. ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறோம். பாரிஸில் அந்தக் கணக்குக்கே வழியில்லாமல் போயிற்று.

நான்கு மாதம் கழித்து, 1962 பிப்ரவரி 8-இல், அதே பாப்போனின் போலீஸ் ஷரோன் மெட்ரோ நிலையத்தில் வேறொரு ஊர்வலத்தைத் தாக்கியது. ஒன்பது பேர் இறந்தார்கள். பிரெஞ்சுத் தொழிற்சங்கத்தினர். அவர்களின் இறுதி ஊர்வலத்தில் லட்சக்கணக்கானோர் நடந்தார்கள். நடந்தது நியாயம். ஆனால் அக்டோபரில் இறந்தவர்களுக்கு அப்படி யாரும் நடக்கவில்லை.

இனி நம் சாதி ஆட்களின் கதை. நம் சாதி என்றால் குமாஸ்தா சாதி! ழான்-லுக் எய்னோதி என்ற ஆய்வாளர், இந்தப் படுகொலை பாப்போனின் உத்தரவின்கீழ் இயங்கிய படைகளால் நடந்தது என்று எழுதினார். பாப்போன் அவதூறு வழக்குப் போட்டார். ஆவணங்களைப் பார்க்க எய்னோதிக்கு அனுமதி கிடைக்கவில்லை. அப்போது பாரிஸ் ஆவணக் காப்பக அலுவலர்கள் பிரிஜித் லெனே, ஃபிலிப் கிரான் என்ற இருவர் முடிவெடுத்தார்கள். அரசு வழக்கறிஞர் அலுவலகப் பதிவேடுகளில் என்ன இருக்கிறது என்று 1999-இல் சாட்சி சொன்னார்கள். ஒருவர் நேரில், மற்றவர் எழுத்தில். பாப்போனின் வழக்கு தோற்றது. அவர்கள் இருவருக்கும் கிடைத்த பரிசு, வேலைகள் பறிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் மூலையில் உட்கார்ந்திருந்தது. எதிர்ப்பு என்றால் கொடி பிடிப்பது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு முடிவு 1983-இல். லியோன் அருகே வெனிசியு நகரில், குடியேறிகளின் அடுக்குமாடிக் குடியிருப்பில், போலீஸ் நாய் கடித்துக் குதறிய சிறுவனைக் காப்பாற்றப் போன துமி ஜைஜா என்ற இளைஞனைப் போலீஸ்காரர் ஒருவர் வயிற்றில் சுட்டார். நண்பர்களுக்கு ரத்தம் கொதித்தது. பழிக்குப் பழி என்ற பேச்சு எழுந்தது. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த அந்த இளைஞனோ, நடப்போம் என்றான். வழிகாட்டிகள் மார்ட்டின் லூதர் கிங்கும் நம் காந்தியும். ‘காந்தி’ திரைப்படம் அப்போதுதான் வந்திருந்தது. தண்டிக்கு 78 பேரோடு கிளம்பிய கிழவரின் நடை, ஐம்பத்து மூன்று வருடம் கழித்து பிரான்சில் எடுபட்டது. பாதிரியார் கிறிஸ்தியான் தெலோர்ம் துணை நின்றார். அக்டோபர் 15 அன்று மர்சேயிலிருந்து கிளம்பியவர்கள் சில பத்துப் பேர்தான். டிசம்பர் 3 அன்று பாரிஸ் சேர்ந்தபோது சுமார் ஒரு லட்சம் பேர். குடியரசுத் தலைவர் மித்தெரான் அவர்களை வரவழைத்துப் பேசினார். வெளிநாட்டவர்களுக்குப் பத்து வருட வதிவிட அட்டை கிடைத்தது. போலீசின் போக்கு மாறியதா என்றால், அதற்குப் பதில் 2016-இல் பிரான்சின் உச்ச நீதிமன்றமே சொன்னது: தோற்றத்தைப் பார்த்து அடையாளச் சோதனை செய்ததற்காக அரசைக் குற்றவாளி ஆக்கியது.

2023 ஜூனில் அதே நாந்தேரில் 17 வயதுப் பையனைப் போலீஸ்காரர் காரில் வைத்துச் சுட்டுக் கொன்றார். மறுநாளே பிரான்சிலிருக்கும் உறவினர் ஒருவர் என்னிடம் போனில் கேட்டார்: “அண்ணே, பேரன் ஊர்வலத்துக்குப் போகணும்னு நிக்கறான். அவனையே ஸ்டேஷன்ல ரெண்டு தடவை நிறுத்தி பேப்பர் கேட்டிருக்காங்க. விடலாமா?”

ஃபாத்திமாவின் தாய் நினைவுக்கு வந்தார். தடுத்தது தவறு என்று அந்தத் தாயை யார் சொல்ல முடியும்? போனது தவறு என்று மகளையும் சொல்ல முடியாது.

நான் சொன்னது இதுதான். “போகட்டும். இறந்த பையனோட அம்மா கூப்பிடற ஊர்வலத்துக்குப் போகட்டும். பகல்ல, பெரியவங்க நாலு பேர் கூட இருக்கணும். பேப்பர் பையில இருக்கணும், கையில கல் இருக்கக் கூடாது. இருட்டறதுக்குள்ள வீடு. முக்கியமா, வீட்ல சண்டை போட்டுட்டு ஓட வேண்டாம். அவங்கம்மா கிட்ட சொல்லிட்டுப் போகட்டும்.”

உறவினர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நானும் கூடப் போறேன்” என்றார்.