பாதாளக் கரண்டி முதல் மெட்டல் டிடெக்டர் வரை

கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் ஒரு காலத்தில் முதலில் எழுந்த கேள்வி, “பாதாளக் கரண்டி யார் வீட்ல இருக்கு?” என்பதுதான். ஒரு இரும்பு வளையம், அதிலிருந்து நாலா பக்கமும் தொங்கும் கொக்கிகள், மேலே கயிறு கட்ட ஒரு காது. அவ்வளவுதான் கருவி. தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தால் அதிகம். இரவல் கேட்டுப் போனால் பல ஊர்களில் சும்மா தரமாட்டார்கள். ஒரு பித்தளைச் செம்பையோ குடத்தையோ ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும். கரண்டி திரும்பினால் செம்பு திரும்பும்.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் உலோகத்தைத் தேடுவதற்கு நம்மிடம் இருந்த பழைய கருவி இதுதான். அதன் எல்லையும் தெளிவு. கைப்பிடி இருக்கும் பொருளைத்தான் அது தூக்கும். மோதிரமோ, காதிலிருந்து நழுவிய கம்மலோ, காசோ கொக்கியில் மாட்டாது. அதற்கு ஆள் இறங்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு அடிமண்ணைக் காலால் துழாவி, விரலால் அளைந்து எடுப்பவர்கள் எல்லா வட்டாரத்திலும் இருந்தார்கள். இன்னும் இருக்கிறார்கள். கோடையில் தண்ணீர் வற்றும்போது கிணறு தூர்வாருகிறவர்களும், திருவிழா முடிந்த மறுநாள் ஆற்றுமணலைச் சலிக்கிறவர்களும் இதே தொழிலின் வேறு கிளைகள்.

திருவண்ணாமலைக்கு இது பொருந்தாத பேச்சு என்று தோன்றலாம். மலையைச் சுற்றி வருகிற ஊர், நெருப்புத் தலம், இங்கே ஏது டைவிங்? ஆனால் இந்த ஊர்ச் சாமி தண்ணீரைத் தேடிப் போகிறவர். தை மாதம் மணலூர்ப்பேட்டைக்குப் போய்த் தென்பெண்ணையில் தீர்த்தவாரி. ரதசப்தமிக்குக் கலசபாக்கத்தில் செய்யாற்றில் தீர்த்தவாரி. கார்த்திகை தீபம் முடிந்ததும் ஐயங்குளத்தில் தெப்பம். கோயிலுக்குள்ளேயே சிவகங்கை தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும். சாமி இறங்குகிற இடமெல்லாம் சனமும் இறங்கும், சனம் இறங்குகிற இடமெல்லாம் காசு விழும். வேண்டுதலாகப் போட்டது பாதி, முங்கி எழும்போது நழுவியது பாதி.

இந்தக் காசை எடுக்கக் கயிற்றில் கட்டிய காந்தம் வந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் போதும். 1990களில் புழக்கத்துக்கு வந்த எஃகு ஒரு ரூபாய்க் காசு அதில் பாய்ந்து ஒட்டும். அதற்கு முந்தைய, செம்பும் நிக்கலும் கலந்த கனமான ஒரு ரூபாய் ஒட்டாது. காலணாச் செப்பு, தங்கம், வெள்ளி, ஈயம் எதுவும் ஒட்டாது. அதாவது, காந்தம் கட்டிய கயிறு இன்றைய சில்லறையை மட்டும் எடுத்துக்கொண்டு வரலாற்றை ஆற்றிலேயே விட்டுவிடும். மெட்டல் டிடெக்டர் அப்படி விடாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் கருவியின் கதை ஒரு தோல்வியிலிருந்து ஆரம்பிக்கிறது. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்புக்குள் தங்கிவிட்ட குண்டைத் தேட, தொலைபேசிக்குப் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு மின்காந்தக் கருவியைச் செய்துகொண்டு போனார். கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடும். பக்கத்தில் உலோகம் வந்தால் சமநிலை குலைந்து காதில் ஒலி கேட்கும். கருவி சரியாகத்தான் இருந்தது. ஆனால் படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுச் சுருள்கள் இருந்தன, மருத்துவர் தேடச் சொன்ன பக்கமும் தப்பு. செப்டம்பரில் கார்ஃபீல்டு இறந்துபோனார். தேவையில்லாத இரும்பு சுற்றிலும் கிடந்தால் தேவையான உலோகம் கேட்காது என்பது இந்தக் கருவி கற்றுத்தந்த முதல் பாடம். இன்றைக்குக் குளத்தில் இறங்குகிறவருக்கும் அதுதான் முதல் பாடம்.

1930களில் கலிபோர்னியாவில் ஜெர்ஹார்டு ஃபிஷர் இதை விற்பனைக்குரிய கருவியாக்கினார். இரண்டாம் உலகப் போரில் ஸ்காட்லாந்தில் இருந்த போலந்து ராணுவ அதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி கையில் பிடித்து நடக்கக்கூடிய கண்ணிவெடிக் கருவியை வடிவமைத்தார். 1942இல் எல் அலமைன் போரில் சுமார் 500 கருவிகள் பாலைவனத்தில் வழி திறந்தன. போர் முடிந்ததும் உபரியாகிப்போன கண்ணிவெடிக் கருவிகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. பொழுதுபோக்காகக் காசு தேடும் பழக்கம் மேற்கு நாடுகளில் பரவியது அவற்றைக் கொண்டுதான். இந்தக் கலையே செகண்ட் ஹேண்டில் பிறந்தது என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

நம் பக்கத்துக் கடலில் கிடைத்த புகழ்பெற்ற புதையல் கண்ணாலேயே கிடைத்தது. 1961இல் இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பாஸஸ் பாறைத்தொடரில் மைக் வில்சன் இரண்டு சிறுவர்களோடு மூழ்கியபோது பீரங்கியையும் வெள்ளிக் காசுகளையும் கண்டார். அவருடைய நண்பர் ஆர்தர் சி. கிளார்க் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். சூரத்தில் அச்சான ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள், எல்லாமே ஹிஜ்ரி 1113ஆம் ஆண்டு, அதாவது 1702ஐ ஒட்டியவை. ஆயிரம் ஆயிரமாகப் பையில் கட்டியவை, பை மட்கியும் உள்ளேயிருந்த வடிவத்திலேயே கட்டியாக உறைந்திருந்தன. ஒரே வருடத்து, புழங்காத காசு என்பதால்தான் கப்பல் ஏறக்குறைய எப்போது மூழ்கியது என்று சொல்ல முடிந்தது. பத்துக் காசைத் தனித்தனியாக யாரோ எடுத்து விற்றிருந்தால் அவை பத்து ஔரங்கசீப் ரூபாய்கள், அவ்வளவுதான்.

பூம்புகாருக்கு அப்பால் கடலடியில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் ஆய்ந்த கப்பற்சிதைவிலிருந்து ஈயப்பாளங்கள் கிடைத்தன. பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் அவற்றில் பொறித்திருந்தன. சோழர் துறைமுகத்தைத் தேடிப்போன இடத்தில் கிடைத்தது இங்கிலாந்து ஈயம். பாளத்தின் மேல் எழுத்து இருந்ததாலும், அது கப்பலோடு சேர்ந்தே கிடந்ததாலும் காலம் தெரிந்தது.

இப்போது நம் ஆறுகளுக்கு வருவோம். சங்ககாலத் தமிழ் மன்னர்களின் காசுகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஆற்றுமணலிலிருந்து வந்தது. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில்தான் மாக்கோதை, கொல்லிப்பொறை என்று பெயர் பொறித்த சேரர் காசுகள் கிடைத்தன. திருவண்ணாமலைக்குத் தெற்கே தென்பெண்ணைக் கரையில் உள்ள திருக்கோயிலூர் மலையமான்களின் ஊர். அவர்களுடைய குதிரை பொறித்த செப்புக்காசுகளும் ஆற்றுப்படுகை தந்தவையே. தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றையெல்லாம் சேகரித்துப் படித்து நூல்களாக்கினார். ஆனால் அவர் கைக்கு வருவதற்கு முன் அந்தக் காசுகளை மண்ணிலிருந்து பிரித்தவர்கள் யார்? தங்கத்துகளுக்காக மணல் சலித்தவர்கள், பழைய பாத்திரக்கடைக்குச் செம்பு எடை போட்டவர்கள். “பச்ச புடிச்ச செம்புண்ணே, கிலோவுக்கு என்ன தர்றீங்க?” என்று கேட்டவர்களின் கூடைவழியாகத்தான் மலையமான் நமக்கு வந்து சேர்ந்தான். எந்தப் புத்தகத்திலும் அவர்கள் பெயர் இல்லை.

இதற்கு நேர்மாறாக ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்திலேயே உண்டு. செங்கம் பக்கத்தில், மலைபடுகடாம் பாடும் நன்னனின் நாட்டில், ஆண்டிப்பட்டியில் ஈயக்காசுகள் மொத்தமாகக் கிடைத்தன. சேந்தன் என்ற பெயர் அவற்றில் இருக்கிறது. ஒரே இடத்தில் ஒரே குவியலாக வந்ததால், இவை இந்த நிலப்பகுதியில் ஆண்ட குறுநிலத் தலைவன் ஒருவன் வெளியிட்டவை என்று சொல்ல வழி பிறந்தது. ஆற்றில் ஒற்றையாகக் கிடைக்கும் காசுக்கு அந்த வசதி இல்லை. வெள்ளம் எங்கிருந்து உருட்டிக்கொண்டு வந்ததோ! 2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறந்துவிட்டார்களே, அப்படி ஒரு இரவு போதும், இரண்டாயிரம் வருஷத்து வண்டல் புரண்டு படுக்க.

சரி, இந்த ஊரில் ஒரு தம்பி, கிணற்றிலும் ஏரியிலும் மூழ்கி நகை எடுத்துக் கொடுத்துப் பிழைப்பவர், செகண்ட் ஹேண்டில் ஒரு நீரடி டிடெக்டர் வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதை வாங்குவது? புதிதாக வாங்கினால் மைன்லேப் எக்ஸ்காலிபர் ஒரு ஸ்கூட்டர் விலையைத் தாண்டும். ஆகவே பழையதுதான்.

முதலில் ஆழம். “வாட்டர்ப்ரூஃப்” என்ற ஒரு சொல்லை நம்பி ஏமாறக்கூடாது. காரெட் ஏ.டி. புரோ, மைன்லேப் எக்வினாக்ஸ் 600, 800, நோக்டா சிம்ப்ளெக்ஸ் போன்றவை 3 மீட்டர் வரைதான். இடுப்பளவு ஆற்றுத் தண்ணீருக்குப் போதும். அறுபதடிக் கிணற்றுக்கு ஆகாது. காரெட் சீ ஹண்டர் மார்க் 2, எக்ஸ்காலிபர் 2 இரண்டும் 200 அடி தாங்கும் என்று சொல்லி விற்கப்பட்டவை. நோக்டாவின் பல்ஸ்டைவ் 60 மீட்டர் போகும், சின்னது, விலையும் குறைவு. ஆனால் அதன் தலை சிறியது, கைக்கெட்டும் இடத்தைக் குத்திப் பார்க்கத்தான் உதவும்.

அடுத்தது உள்ளே இருக்கும் முறை. பல்ஸ் முறையில் வேலைசெய்யும் சீ ஹண்டர் போன்றவை உப்புத் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாது, கருமணலுக்கும் அவ்வளவாக மிரளாது. ஆனால் ஆணி, ஹேர்பின், சோடா மூடி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கத்தும். தொடர் அலை முறைக் கருவி இரும்பு எது, செம்பு எது என்று ஓரளவு பிரித்துச் சொல்லும். ஒற்றை அதிர்வெண்ணில் ஓடுவது கடலில் தடுமாறும். எக்ஸ்காலிபர், எக்வினாக்ஸ் மாதிரிப் பல அதிர்வெண் கருவிகள் இரண்டுக்கும் நடுவே ஒரு சமாதானம். நம்முடையது நல்ல தண்ணீர், எனவே உப்புக் கவலை இல்லை. ஆனால் திருவண்ணாமலையை ஒட்டிய கவுத்திமலையும் வேடியப்பன் மலையும் இரும்புத்தாது மலைகள். அதைத் தோண்ட வந்த திட்டத்தை ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றது பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதிரிப் பாறை கரைந்து வரும் கருமணல் படிந்த இடத்தில் சாதாரணக் கருவி சும்மாவே முனகிக்கொண்டிருக்கும். அங்கே பல்ஸ் முறை தேவலாம். ஆணியும் ஊக்கும் நிறைந்த படித்துறையில் பிரித்துச் சொல்லும் கருவிதான் வேண்டும். எங்கே இறங்கப்போகிறோம் என்று முடிவுசெய்யாமல் எதை வாங்கலாம் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

பழைய கருவியில் பார்க்க வேண்டியவை சில. பேட்டரி மூடியைத் திறந்து ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஒருமுறை தண்ணீர் போன கருவி அங்கேதான் உண்மை பேசும். சீ ஹண்டர், எக்ஸ்காலிபர் இரண்டிலும் ஹெட்ஃபோன் உடம்போடு இணைந்தது. வயர் அறுந்தால் கடையில் வேறு வாங்கிச் சொருக முடியாது. கருவியை ஓடவிட்டு வயரை மெல்ல வளைத்துப் பார்த்தால் சத்தம் விட்டுவிட்டு வருகிறதா என்று தெரியும். ஒரு மோதிரம், ஒரு எஃகு ஒரு ரூபாய், ஒரு பழைய செப்புக்காசு மூன்றையும் ஒரே தூரத்தில் காட்டிக் கேளுங்கள். பிறகு ஒரு தண்ணீர்த் தொட்டியில் அரைமணி நேரம் முக்கி வைத்துக் குமிழி வருகிறதா பாருங்கள். தொட்டியில் தாங்குவது அறுபதடியிலும் தாங்கும் என்று அர்த்தமில்லை; ஆனால் தொட்டியிலேயே குமிழி விட்டால் பேச்சு முடிந்தது. பெயர்பெற்ற கருவிகளுக்குப் போலிகள் நிறைய உண்டு, வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இவ்வளவும் பார்த்து வாங்கிய கருவி கையில் இருக்கிறது. எங்கே பயன்படுத்தலாம்? ஒருவர் தன் கிணற்றில் தொலைத்த சங்கிலியை அவர் கேட்டு எடுத்துக்கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. கோயில் குளம் வேறு கதை. அங்கே விழுந்தது காணிக்கை. அனுமதி இல்லாமல் இறங்கினால் அது உண்டியலில் கைவைப்பதற்குச் சமம். பழைய காசுக்குச் சட்டம் இன்னும் கறார். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த காசு தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதில் வியாபாரம் செய்யக்கூடாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது.

ஆனால் 1878 சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. உரிமை கோர யாரும் இல்லாத புதையலில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நாலில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு. அரசு அதை எடுத்துக்கொள்ள நினைத்தால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். வெள்ளைக்காரன் எழுதிய சட்டம்தான், இருந்தாலும் கண்டெடுத்தவனைத் திருடனாகப் பார்த்து ஆரம்பிக்கவில்லை. நடைமுறையில் தாலுகா ஆபீஸ் வாசலில் ஈரத் துண்டோடு போய் நிற்கிறவருக்கு அந்தச் சட்டம் அப்படித் தெரிவதில்லை. “போனா கேஸ் போடுவாங்க, கடையில போட்டா காசு” என்ற கணக்குதான் அவருக்குத் தெரியும். மலையமான் காசு எடைக்குப் போனது பேராசையால் அல்ல, இந்தக் கணக்கால்.

காலால் துழாவிய காலத்தில் ஒருவர் வாழ்நாளில் சில காசுகள் எடுத்திருப்பார். டிடெக்டர் கையில் இருப்பவர் ஒரு கோடையில் ஒரு படித்துறையையே காலிசெய்துவிட முடியும். அதனால்தான் கருவி மலிவாவதும் பழையது சந்தைக்கு வருவதும் வெறும் வியாபாரச் செய்தியாக இல்லை. மலையமான் காசு கிடைத்தது என்பது ஒரு செய்தி. எந்தத் துறையில், எத்தனை அடி மணலுக்குக் கீழே, எந்தப் பானை ஓட்டோடு, வேறு எந்தக் காசோடு கிடந்தது என்பதுதான் வரலாறு. முதலாவதைக் கருவி எடுத்துத் தரும். இரண்டாவதை எடுத்த ஆள்தான் சொல்ல முடியும், அதுவும் அன்றைக்கே சொன்னால்தான்.

மூழ்கிப் பிழைக்கும் தம்பிக்குச் சொல்ல வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தூர்ந்த கிணற்றில் விஷக்காற்று இருக்கும், மேலே கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் இறங்காதீர்கள். பச்சை படிந்து எழுத்து மாதிரி எதுவும் தெரிந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; தேய்த்தால் எழுத்தும் போகும். பக்கத்தில் என்ன கிடந்தது என்று பார்த்து, இடத்தைப் போனில் ஒரு படம் எடுத்து, தேதியோடு எழுதி வையுங்கள். பிறகு தனியாகப் போகாமல், ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரையோ தெரிந்த வரலாற்று ஆர்வலரையோ கூட்டிக்கொண்டு தாசில்தாரிடம் போங்கள், கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். அந்தச் சீட்டில் உங்கள் பெயர் இருக்கும். தென்பெண்ணையில் கூடை சலித்தவர்களுக்குக் கிடைக்காதது அது.