விண்ணப்பம் போடாத வீடு: லயத்திலிருந்து அடுக்குமாடி வரை

ஆசிரியர் நண்பர்களே, கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளைக் கொஞ்சம் மனதில் ஓட்டிப் பாருங்கள். மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஷா ஆலாம் நகரத்துக்குள் இருக்கிறது. சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி சுபாங் ஜெயா பக்கம் இருக்கிறது. பள்ளி இருக்கிறது, பெயரில் தோட்டமும் இருக்கிறது. தோட்டத்தைத்தான் காணோம்.

அந்தத் தோட்டங்களில் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள்? அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். "வீடு மாறிட்டோம் டீச்சர்" என்று ஆண்டு நடுவில் வந்து நிற்கும் மாணவரும், "அப்பா பாரம் போட்டிருக்காரு, வீடு இன்னும் கிடைக்கல" என்று சொல்லும் மாணவரும் ஒரு நூறாண்டுக் கதையின் கடைசிப் பக்கத்தில் நிற்பவர்கள். குறைந்த வாடகை வீட்டுக்கு விண்ணப்பம் போடுவது நம் குடும்பங்களில் பலருக்கு ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று புரிய வேண்டுமானால், இந்தக் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

வேலையோடு வந்த வீடு

பால்மரம் வெட்டுவதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் யாரும் வீட்டுக்கு மனு எழுதியதில்லை. கங்காணியோடு கப்பல் ஏறினார்கள், தோட்டத்தில் பெயர் பதிந்தார்கள், லயத்தில் ஒரு வீடு கிடைத்தது. அன்றைய மலாயாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தொழிலாளிக்கு வீடும் குடிநீரும் மருத்துவமும் தரும் பொறுப்பை முதலாளியின் மேல் வைத்தது. 7 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் 10 பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்தச் சொல்லவும் அதே சட்டத்தில் இடம் இருந்தது. நம் தமிழ்ப்பள்ளிகள் பல பிறந்தது அப்படித்தான். ஆக, லயமும் பள்ளியும் ஒரே சட்டத்தின் நிழலில் வளர்ந்தவை என்பதை நாம் மறக்கக் கூடாது.

தோட்டத்தில் மட்டும் இந்த வழக்கம் இருந்தது என்று நினைக்க வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர்களுக்கு வரிசை வரிசையாகக் குவாட்டர்ஸ் கட்டினார்கள். 'ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்' என்ற பெயர் இன்றும் அங்கே பழக்கத்தில் இருக்கிறது. துறைமுகத்திலும் பொதுப்பணித் துறையிலும் இதே கதைதான். வேலை கொடுத்தவரே வீட்டையும் கொடுத்தார். வேலை முடிந்த நாளில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டால் இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள்: "வேலை போனா வீடும் போச்சு." அதனால் வயதான தாய் தந்தை லயத்திலேயே இருக்க வேண்டுமென்றால், வீட்டில் யாராவது ஒருவர் தோட்ட வேலையில் நீடித்தாக வேண்டும். படித்த பிள்ளைகூட சில வீடுகளில் அதற்காகவே பால்வாளியைத் தூக்க வேண்டி வந்தது.

வாசலுக்கு யார் வரலாம்?

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதில் முன்னின்றார். அந்த ஆண்டு மே மாதம் அவர் கைது செய்யப்பட்டு, பிறகு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் இறக்கப்பட்டது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்களும் போயின.

தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, துரைமார் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துவது ஆகியவை இருந்தன. நாம் வகுப்பில் பெரும்பாலும் சைக்கிள் கோரிக்கையைச் சொல்லுவோம். அதே பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது. உறவினர்களும் நண்பர்களும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சொந்த அண்ணன் தன் வீட்டுக்கு வந்துபோவதற்கே ஒருவர் போராட வேண்டியிருந்தது. லயத்து வீட்டில் வாடகை இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த வீட்டு வாசலுக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று முடிவு செய்தவர் அங்கே குடியிருந்தவர் அல்லர்.

சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் மேம்பட்டது. 1966-இல் தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990-இல் வீட்டோடு பிற வசதிகளையும் சேர்த்து 446-ஆம் சட்டம் வந்தது. அறை, தண்ணீர், கழிப்பிடம் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு பிறந்தது. இருந்தாலும் அடிப்படை மாறவில்லை: தொழிலாளியாக இருக்கும் வரைதான் அந்த வீடு. 2019-இல் திருத்தப்பட்ட அதே 446-ஆம் சட்டம் இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் தங்குமிடங்களைப் பற்றிய செய்திகளில்தான் பேசப்படுகிறது. நம் தாத்தா பாட்டி இருந்த இடத்தில் இன்று வேறு நாட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தோட்டம் கைமாறியபோது

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. இதற்குப் பதிலாகத்தான் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதை அன்றே புரிந்துகொண்ட முயற்சி அது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரிய மாற்றம் அதற்குப் பிறகு வந்தது. நகரம் மேற்கு நோக்கி நகர்ந்தது. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவும் யூ.எஸ்.ஜே.யும் ஆனது. புக்கிட் ராஜா தோட்டத்தில் பண்டார் புக்கிட் ராஜா எழுந்தது. நார்த் ஹம்மோக் தோட்டத்தில் செத்தியா ஆலாம் வந்தது. நிலத்தின் விலை ஏறியது. அந்த விலையில் தொழிலாளிக்குப் பங்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் அவர் பெயரில் எந்தப் பத்திரமும் இல்லை. மூன்று தலைமுறை ஒரே லயத்தில் வாழ்ந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வேலையாள்தான்.

செத்திங்கானிலிருந்து பி.பி.ஆர். வரை

வெளியேறியவர்களில் பலர் ஆற்றங்கரையிலும் இரயில் தண்டவாளத்து ஓரத்திலும் பலகை வீடு போட்டார்கள். செத்திங்கான் என்று மலாயில் சொல்லும் புறம்போக்குக் குடியிருப்புகள் இவை. கோலாலம்பூரில் கெரிஞ்சி போன்ற இடங்களில் தற்காலிகம் என்று சொல்லிக் கட்டிய நீண்ட வீடுகளில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் உண்டு.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1960-களில் கோலாலம்பூரின் பெக்கெலிலிங் சாலையில் 17 மாடிக் குடியிருப்புகள் உயர்ந்தன. 1982-இல் மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 ரிங்கிட் என்றும், மாத வருமானம் 750 ரிங்கிட்டுக்கு மேற்போகாத குடும்பங்களுக்கே அது என்றும் வரையறுத்தார்கள். விலை குறைவுதான். ஆனால் வாங்குவதற்கு முன்பணம் வேண்டும், வங்கிக் கடன் வேண்டும். நாள் சம்பளக்காரருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? எனவே விலைக்கு வீடு என்பது ஏழைகளில் சற்று வசதியானவர்களுக்குத்தான் கைக்கு எட்டியது.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் வாடகை வீடு. 1998-இல், ஆசியப் பொருளாதார நெருக்கடி நேரத்தில், தேசியப் பொருளாதார நடவடிக்கை மன்றத்தின் வழியாக மக்கள் வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. நாம் பி.பி.ஆர். என்று சொல்வது இதைத்தான். புறம்போக்கில் இருந்தவர்களை அடுக்குமாடிக்கு மாற்றுவது முதல் நோக்கம். சுமார் 700 சதுர அடி, 3 படுக்கையறை, கூடம், சமையலறை. மாத வாடகை 124 ரிங்கிட். கோலாலம்பூரில் கெரிஞ்சி, கம்போங் முஹிபா, பத்து மூடா, சிலாங்கூரில் கோத்தா டாமன்சாரா, லெம்பா சுபாங் என்று இந்தக் குடியிருப்புகள் எழுந்தன.

மின்தூக்கி கெட்டுப்போவது, குப்பை, வாடகை பாக்கி என்று அங்கே இருக்கும் பிரச்சினைகளை நீங்கள் நன்றாக அறிவீர்கள். ஆனாலும் வரலாற்றுக் கண்ணோடு பார்த்தால் ஒரு பெரிய மாற்றம் தெரியும். இந்த வீடு வேலையைப் பார்த்துக் கொடுக்கும் வீடு அல்ல. வேலை மாறலாம், முதலாளி மாறலாம், வேலையே இல்லாமல் போகலாம். அதற்காக மட்டும் யாரும் உங்களை வெளியேறச் சொல்ல முடியாது. நம் மக்களில் பலருக்கு, குடிமக்கள் என்ற உரிமையில் கிடைத்த முதல் வீடு இதுதான்.

பாரம் கேட்கும் கேள்விகள்

குடிமகன் என்ற உரிமையில் கிடைப்பதால்தான் அந்த வீடு தாள்களைக் கேட்கிறது. கணவன் மனைவி அடையாளக் கார்டு, திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சான்று, வேறு வீடு இல்லை என்பதற்கான உறுதி. கேட்பதில் தவறில்லை. ஆனால் லயத்து வாழ்க்கை இந்தத் தாள்களில் எதையும் கேட்டதில்லை. கிராணியின் செக்ரோலில் பெயர் இருந்தால் போதும். அதனால் சேர்த்து வைக்கும் பழக்கமும் வளரவில்லை.

ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. சுதந்திரத்துக்கு முன்னே பிறந்த தோட்டத்து மக்கள் பலர் குடியுரிமைக்கு மனுப் போட வேண்டியிருந்தது. போடாதவர்கள் சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றார்கள். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானபோது, பலர் மூட்டை கட்டி இந்தியாவுக்கே திரும்பினார்கள்.

திருமணமும் அப்படித்தான். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும் கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்து அமைகிறது. தாயிடமும் தாள் சரியாக இல்லையென்றால் பிள்ளைக்கும் சிக்கல். ஒரு கையெழுத்து விட்டுப்போனால் அது பள்ளிப் பதிவில், வீட்டு விண்ணப்பத்தில், பிறகு வேலையில் என்று சங்கிலியாக இழுக்கும்.

சம்பளச் சான்று இன்னொரு முட்டுக்கட்டை. லாரி உதவியாளர், துப்புரவுப் பணியாளர், சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுபவர், இவர்களில் எத்தனை பேருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது? யாருக்கு மிகவும் தேவையோ அவருக்குத்தான் நிரூபிப்பது மிகவும் கஷ்டம். இது மலேசியாவில் மட்டும் இருக்கும் முரண் அல்ல; வருமானத்தைப் பார்த்து வீடு கொடுக்கும் எல்லா நாடுகளிலும் இது இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, ஆண்டு 1 பதிவின்போதே குடும்பத்தின் தாள்கள் சரியாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். குறை தெரிந்தால் மெதுவாக, மற்றவர் முன்னிலையில் இல்லாமல், பெற்றோரிடம் சொல்லுங்கள். தேசியப் பதிவிலாகாவுக்கு இன்று போவது, பத்து ஆண்டு கழித்துப் போவதைவிட எளிது.

இரண்டாவது, எங்கே போக வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். கோலாலம்பூர்க்காரர்கள் மாநகர மன்றத்தைக் கேட்க வேண்டும். கிள்ளான், ஷா ஆலாம் பக்கம் இருப்பவர்கள் சிலாங்கூர் வீடமைப்பு, சொத்துடைமை வாரியத்தைக் கேட்கலாம். மத்திய அரசின் பி.பி.ஆர். வீடுகளுக்கு வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு இருக்கிறது. வருமான வரம்பு காலத்துக்குக் காலம் மாறும். போடும் நேரத்தில் கேட்டுக்கொள்வதே நல்லது. கைப்பேசி எண் மாறினால் விண்ணப்பத்திலும் மாற்றச் சொல்லுங்கள். வீடு வந்த செய்தி பழைய எண்ணுக்குப் போய்ப் பயனில்லை.

மூன்றாவது, வகுப்பறை. ஆண்டு 4, 5, 6 மாணவர்களிடம் ஒரு சிறு வேலை கொடுங்கள்: "உங்கள் குடும்பம் இதுவரை குடியிருந்த வீடுகளைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரிசைப்படுத்துக. ஒவ்வொரு வீட்டையும் கொடுத்தவர் யார்? ஏன் அங்கிருந்து கிளம்பினீர்கள்?" யாருடைய பதிலையும் உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம், வீட்டு நிலை சில பிள்ளைகளுக்குக் கூச்சம் தரும். வந்த இடப் பெயர்களை மட்டும் கிள்ளான் பள்ளத்தாக்கு வரைபடத்தில் குறித்து மாட்டுங்கள். தோட்டம், கம்பம், நீண்ட வீடு, அடுக்குமாடி என்று கோடுகள் தாமாகவே தெரியும்.

அந்த வரைபடத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு ஒன்று விளங்க வேண்டும். தன் குடும்பம் அடிக்கடி வீடு மாறியது அப்பாவின் கையாலாகாத்தனத்தால் அல்ல. நிலமும் சட்டமும் மாறியதால். வாடகை வீட்டுக்குப் பாரம் நிரப்புவது கையேந்துவதும் அல்ல. தாத்தாவுக்கு அந்தப் பாரமே கிடையாது. பேரப்பிள்ளைக்கு இருக்கிறது. அதைச் சரியாக நிரப்ப நாம் துணை நிற்போம்.