கட்டுமரம் கப்பலேறிய கதை

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மதுரைக்காரன் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். நமக்கு வாய்த்தது வைகை. அதிலும் தண்ணீரைவிட மணல் அதிகம். ஆனாலும் தைப்பூசத்தன்று, திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சொக்கநாதரும் தெப்பத்தில் உலா வரும்போது, கரையில் நிற்கும் ஒவ்வொருவனும் அரை நாழிகையாவது மாலுமியாகிவிடுகிறான்.

அப்படி ஒரு மாலையில்தான் கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகன் கேட்டான்:

"மாமா, ஒரு இங்கிலீஷ் நாவலில் கிழவி ஒருத்தியைக் 'கேட்டமரான்' என்று திட்டுகிறான். அகராதியில் முதல் பொருள் படகு என்று இருக்கிறது. படகுக்கும் கிழவிக்கும் என்ன சம்பந்தம்?"

அவன் படித்தது காப்டன் மாரியட் 1830களில் எழுதிய 'பீட்டர் சிம்பிள்'.

"அது இங்கிலீஷ் சொல்லே இல்லையடா. நம் கட்டுமரம்தான்" என்றேன். அவன் நம்பவில்லை. வாசகர்களிலும் சிலர் நம்பாமலிருக்கலாம். ஆகவே கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சோழமண்டலக் கரையில் அலைகள் கரையோரத்தில் உருண்டு உடைபவை. பெரிய கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்க வேண்டும். 1639இல் கம்பெனியார் சென்னையில் இடம் பெற்ற பிறகும், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே துறைமுகம் கிடையாது. ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலாப் படகு. அந்தப் படகும் தயங்கும் கொந்தளிப்பில் கடிதம் கொண்டுபோனவர் கட்டுமரக்காரர். இலேசான மரங்கள் சில, அவற்றைப் பிணைக்கக் கயிறு, அவ்வளவுதான். அலை மேலே புரண்டாலும் அது மூழ்காது. தண்ணீர் நிரம்ப அதற்கு வயிறே இல்லையே! ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு அலைக்குள் பாய்ந்த அந்த மனிதரைக் கப்பல்காரர்கள் எவ்வளவு ஆவலோடு எதிர்பார்த்திருப்பார்கள்!

1583இல் சாந்தோமுக்கு வந்த வெனிஸ் நகர இரத்தின வியாபாரி பல்பி இந்த மிதவையையும் அதன் பெயரையும் குறித்துவைத்தார். 1697இல் வெளியான ஆங்கில மாலுமி டாம்பியரின் பிரயாண நூலிலும் அது இடம்பெற்றது. உதவி தேவைப்பட்டது, உதவியோடு சொல்லும் கப்பலேறிற்று.

பிறகு அதன் மானமும் கப்பலேறிற்று. 1804 அக்டோபரில், இங்கிலாந்தின் மேல் படையெடுக்க நெப்போலியன் பூலோன் துறையில் படகுகளைத் திரட்டியிருந்தான். அவற்றைத் தகர்க்க, ராபர்ட் புல்ட்டன் என்ற அமெரிக்கர் வகுத்துக் கொடுத்த வெடிமருந்துப் பெட்டிகளை ஆங்கிலக் கடற்படை மிதக்கவிட்டது. அவற்றுக்கும் இதே பெயர். பெரிய சேதம் ஒன்றும் நேரவில்லை. அடுத்து, சண்டைக்காரக் கிழவிகளுக்கு அந்தப் பெயர் வந்தது. சொல்லின் தொடக்கத்தில் ஆங்கிலேயன் காதுக்குப் பூனை கேட்டது காரணமாயிருக்கலாம்.

1876இல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டை உடல் படகொன்றைக் கட்டி, நியூயார்க் பந்தயத்தில் எல்லோரையும் முந்தினார். தோற்றவர்கள் ஆட்சேபிக்கவே படகு விலக்கப்பட்டது. அமைப்பில் அது பசிபிக் தீவினரின் இரட்டைத் தோணிக்கு உறவு. பெயருக்கு மட்டும் நமக்கு உறவு. இன்று உலகெங்கும் 'கேட்டமரான்' என்றால் இந்த இரட்டை உடல் படகுதான். அதில் கட்டும் இல்லை. பெரும்பாலும் மரமும் இல்லை.

இங்கேயோ, 2004 சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் மளமளவென்று பெருகின. மரங்களைப் பிரித்து மணலில் உலர்த்தும் காட்சி அருகிவிட்டது. வெளியூர் போன பிள்ளை சீமானாகத் திரும்பி வருகிறான். நாமோ அவனை வேற்றாள் என்று எண்ணிக் 'கேட்டமரான்' என்றே கூப்பிடுகிறோம்.

வடம் இழுக்க, தெப்பம் எங்களைக் கடந்து போயிற்று.

"அப்படியானால் அந்தக் கிழவியைத் தமிழில்தான் திட்டியிருக்கிறான், மாமா!" என்று சிரித்தான் பையன்.

நானும் சிரித்தேன். ஆனால் மனம் என்னவோ அந்த ஓலைத் தொப்பிக்காரரிடமே நின்றது. அவருடைய மரத்தின் பெயர் எல்லா அகராதிகளிலும் இருக்கிறது. அவர் பெயர் எந்த அகராதியிலும் இல்லை.