சேணம் கட்டும்போது குதிரை கடிக்க வருகிறதா? வயிற்றுப் பட்டையை மாற்றிப் பாருங்கள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கி வருபவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், காலைத் தூக்கிக் குளம்பைப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்ததும், கொட்டகையில் ஏற்கெனவே தொங்கும் பழைய சேணத்தையும் பட்டையையும் புதுக் குதிரைக்குக் கட்டிவிடுவார்கள். பத்து நாளில் குதிரை காதைப் பின்னால் மடக்கும், சேணத்தைக் கண்டாலே கடிக்க வரும். உடனே 'முரட்டுக் குதிரையை ஏமாற்றி விற்றுவிட்டார்கள்' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

பல நேரங்களில் குதிரை முரடு அல்ல. அதற்கு வலிக்கிறது. அந்த வலி எங்கிருந்து வருகிறது, எந்தப் பட்டை அதைக் குறைக்கும், எப்படி அளந்து வாங்குவது என்பதை இங்கே பார்க்கலாம்.

வயிற்றுப் பட்டை எங்கே இருக்க வேண்டும்?

சேணம் நகராமல் முதுகில் நிற்பதற்காக உடம்பைச் சுற்றிக் கட்டுவதே வயிற்றுப் பட்டை. சில ஊர்களில் வார் என்றும், இப்போது பெல்ட் என்றும் சொல்கிறார்கள். பெயர்தான் வயிற்றுப் பட்டை; அது இருக்க வேண்டிய இடம் வயிறு அல்ல. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்செலும்பின் மேல் படிய வேண்டும். முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்தில் பின்புறம் துருத்தி நிற்கும் எலும்பைக் குதிரையின் முழங்கை என்கிறோம். அந்த முழங்கைக்கும் பட்டைக்கும் நடுவே நான்கு விரல் வைக்கும் அளவு இடைவெளி இருக்கட்டும்.

முழங்கைக்குப் பின்னால் தோல் மெல்லியது, முடி குறைவு, மடிப்புகள் அதிகம். ஒவ்வொரு அடிக்கும் கால் பின்னால் வந்து போவதும் அங்கேதான். வியர்வையும் புழுதியும் சேர்ந்தால் உப்புக் காகிதம் போலத் தேய்க்கும். இங்கிலாந்தில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் பட்டைக்கு அடியில் அழுத்தம் அளக்கும் விரிப்பை வைத்துப் பார்த்தார்கள். அழுத்தம் அதிகம் விழுந்தது நெஞ்சின் நடுவில் அல்ல, முழங்கைக்குப் பின்னால்தான். அந்த இடத்தில் அழுத்தம் குறையும்படி வடிவமைத்த பட்டையைக் கட்டியதும், அதே குதிரைகள் முன்னங்காலை இன்னும் நன்றாக நீட்டி எடுத்து வைத்தன.

ஆகவே பட்டை வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'மெத்தென்று இருக்கிறதா' என்பதல்ல. 'முழங்கைக்குப் பின்னால் எப்படிப் படிகிறது' என்பதே.

குதிரை காட்டும் அறிகுறிகள்

• பட்டையை எடுத்ததும் காதை மடக்குவது, பல்லைக் காட்டுவது, திரும்பிக் கடிக்க வருவது.
• மூச்சை அடக்கி மார்பை உப்பி நிற்பது.
• வாலைச் சுழற்றுவது, முன்காலால் தரையைத் தோண்டுவது, பின்காலை வயிற்றை நோக்கி உதைப்பது.
• இறுக்கியதும் பின்னால் இழுப்பது. சில குதிரைகள் அப்படியே உட்காரவும் விழவும் செய்யும்.
• ஏறியபின் அடியைக் குறுக்கி வைப்பது, வேகம் எடுக்க மறுப்பது.

மார்பை உப்பும் குதிரையை முழங்காலால் வயிற்றில் இடித்து மூச்சை விட வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இதைச் செய்யவே கூடாது. பட்டை என்றாலே அடி என்று குதிரை மனதில் பதிந்துவிடும். அதன்பின் எவ்வளவு நல்ல பட்டை வாங்கினாலும் பயம் போக நாளாகும்.

வாங்கும் முன் உடம்பைச் சோதியுங்கள்

பட்டையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். முதலில் சேணம் இல்லாமல், உள்ளங்கையால் முழங்கைக்குப் பின்புறம், நெஞ்சின் அடிப்பகுதி, விலா ஆகிய இடங்களை மெதுவாகத் தடவிப் பாருங்கள். சூடு, வீக்கம், உண்ணி, பொருக்கு, வட்டமாக முடி உதிர்ந்த இடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது பட்டை வழியாக மற்றக் குதிரைகளுக்கும், தொடும் நமக்கும் பரவும். குணமாகும் வரை அந்தப் பட்டையை வேறு குதிரைக்குப் போடாதீர்கள்.

அந்த இடத்தில் தனியாக வெள்ளை முடி முளைத்திருந்தால், முன்பு அங்கே அழுத்தத்தால் தோல் கெட்டிருக்கிறது என்று பொருள். சந்தையில் குதிரை வாங்கும்போதே இதையும் பாருங்கள்.

தோலில் ஒன்றுமில்லை, ஆனாலும் தொட்டாலே சிணுங்குகிறது என்றால் வயிற்றுப் புண்ணாகவும் இருக்கலாம். குதிரையின் இரைப்பையில் அமிலம் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கும். நீண்ட நேரம் வெறும் வயிற்றில் கட்டிவைத்து, பிறகு சேணம் இறுக்கி ஓட்டினால் அந்த அமிலம் இரைப்பையின் மேற்பகுதியில் பட்டுப் புண்ணாக்கும். ஓட்டுவதற்கு முன் இரண்டு கைப்பிடி உலர்புல் தின்னவிடுவது நல்லது. இளைப்பு, தீனி மறுப்பு, அடிக்கடி வயிற்றுவலி இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சேணமே முதுகுக்குப் பொருந்தாமல் முன்னால் சரிந்தாலும் பட்டை முழங்கையில் போய்த் தேய்க்கும். அதையும் பார்த்துவிடுங்கள்.

எந்த வடிவம்?

*நேர் பட்டை:* இரு ஓரமும் நேராக இருக்கும். நெஞ்சு அகன்று, பட்டை படியும் இடம் முழங்கையிலிருந்து தள்ளி இருக்கும் குதிரைக்குப் போதுமானது.

*வளைவுப் பட்டை:* முழங்கைக்குப் பின்னால் உள்வாங்கி, நெஞ்சுக்கு அடியில் அகன்று இருக்கும். பட்டை எப்போதும் முன்னால் நகர்ந்து முழங்கையைத் தேய்க்கும் குதிரைக்கு இதுவே ஏற்றது. மெல்லிய தோலுள்ள மார்வாரி, கத்தியவார் குதிரைகளுக்கு முதலில் இதைப் போட்டுப் பாருங்கள்.

அகலமும் முக்கியம். இரண்டு விரல் அகல நாடாவில் முழு இழுவையும் ஒரு கோட்டில் விழும். நெஞ்செலும்பின் மேல் நான்கு விரலாவது அகலமாகப் படியும் பட்டை அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும். நைலான் கயிறு, பழைய லாரி பெல்ட் ஆகியவற்றை வைத்துக் கட்டுவதை அறவே விடுங்கள். கயிற்றுக்கு அடியில் சாக்கைச் சுருட்டி வைத்தாலும் அது நகர்ந்து, மடிந்து, மடிந்த இடத்திலேயே புண்ணாக்கும்.

*இழுவை நாடா:* பட்டையின் முனையில் எலாஸ்டிக் வைத்தவை கிடைக்கின்றன. ஒரு முனையில் மட்டும் எலாஸ்டிக் இருந்தால் சேணம் ஒரு பக்கமாக இழுபடும். இரு முனையிலும் ஒரே அளவாக இருப்பதை வாங்குங்கள். எலாஸ்டிக் எளிதாக நீள்வதால், நமக்குத் தெரியாமலே அளவுக்கு மேல் இறுக்கிவிடுவோம். கவனம் தேவை.

எந்தப் பொருள்?

*பருத்தி:* வியர்வையை உறிஞ்சும், காற்று போகும், துவைக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது. ஆனால் வியர்வை காய்ந்தால் விறைத்துவிடும். அடிக்கடி அலச வேண்டும். இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கட்டுவது நல்லது.

*தோல்:* நன்றாகப் பராமரித்தால் பல ஆண்டு உழைக்கும், உடம்புக்கேற்ப வளைந்துகொடுக்கும். எண்ணெய் காணாத தோல் வெடித்து, ஓரம் கத்தி போல ஆகிவிடும். உள்பக்கத்து ஓரம் மழுங்கலாக, தையல் வெளியே தெரியாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

*ரப்பர் நுரை (நியோப்ரீன்):* வழுக்காது, தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். ஆனால் காற்று போகாது. கோடையில் நீண்ட நேரம் கட்டினால் தோல் வெந்ததுபோல் சிவந்து கொப்பளிக்கும் குதிரைகள் உண்டு. முதல் சில நாட்கள் குறைந்த நேரம் கட்டிச் சோதியுங்கள்.

*ஆட்டு ரோம உறை:* மிகவும் மென்மை. புண் ஆறி வந்த குதிரைக்கு உதவும். சிக்கல் என்னவென்றால் ஒட்டுப்புல், ஊசிப்புல், நெருஞ்சி முள் எல்லாம் ரோமத்தில் ஏறிக்கொள்ளும். ஒரு முள் இருந்தாலும் போதும், குதிரை துள்ளும். ஒவ்வொரு முறையும் கையால் தடவிப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். உறை தடிமனாக இருப்பதால் பட்டையின் அளவும் மாறும்.

அளப்பது எப்படி?

1. குதிரையைச் சமதரையில் நிறுத்தி, வழக்கமாகப் போடும் விரிப்பையும் சேணத்தையும் போடுங்கள்.
2. தையல்காரர் நாடாவை எடுத்து, ஒரு பக்கம் சேண வாரின் நடுத் துளையில் வையுங்கள்.
3. நெஞ்சுக்கு அடியில், பட்டை படியும் இடம் வழியாக நாடாவைக் கொண்டுபோய், மறுபக்க வாரின் நடுத் துளை வரை அளங்கள்.
4. 46 அங்குலம் வந்தால் 46 அங்குலப் பட்டையே சரி. இருபக்கமும் மேலே சில துளை, கீழே சில துளை மீதி இருக்கும்.

பட்டை குட்டையாக இருந்தால் கொக்கி முழங்கைக்கு நேராக வந்து குத்தும். நீளமாக இருந்தால் கொக்கி கடைசித் துளைக்குப் போய், மேற்கொண்டு இறுக்க வழியிருக்காது. சேணம் கழன்று ஆள் விழும் ஆபத்து உண்டு. மழைக்குப் பின் பச்சை மேய்ந்து உடம்பு வைக்கும் குதிரை, கோடையில் இளைக்கும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது மீண்டும் அளந்து பாருங்கள்.

கட்டும் முறை

• அந்த இடத்தைத் துலக்கி, புழுதியும் காய்ந்த வியர்வையும் இல்லாமல் செய்யுங்கள்.
• முதலில் சேணம் நழுவாத அளவுக்கு மட்டும் மாட்டுங்கள். குதிரையைப் பத்து இருபது அடி நடத்துங்கள். பிறகு இருபக்கமும் மாறி மாறி ஒவ்வொரு துளையாக ஏற்றுங்கள்.
• முன்னங்கால்களை ஒவ்வொன்றாக மெதுவாக முன்னால் இழுத்துவிடுங்கள். பட்டைக்கு அடியில் மாட்டிய தோல் மடிப்பு விரிந்துவிடும்.
• இறுக்கத்தைப் பக்கவாட்டில் பார்க்காதீர்கள். நெஞ்சின் நடுவில், பட்டைக்கு அடியில் விரல்களைத் தட்டையாக நுழைத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் நுழைய வேண்டும், தொளதொளவென்றும் இருக்கக் கூடாது.
• ஏறும் முன் ஒருமுறை, ஓட்டத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒருமுறை சரிபாருங்கள். குதிரை மூச்சை விட்டதும் பட்டை தளரும்.

பந்தயத்துக்கு ஓட்டுபவர்கள் 'இறுக்கினால்தான் வேகம்' என்பார்கள். ஆஸ்திரேலியாவில் பந்தயக் குதிரைகளை வைத்துச் செய்து 1999-ல் வெளியான ஆய்வில் கண்டது இதற்கு நேர்மாறு: பட்டையின் இறுக்கம் கூடியபோது குதிரைகள் சீக்கிரம் களைத்தன.

வண்டிக் குதிரைக்கு ஒரு குறிப்பு: ஏர்க்கால் மேலே தூக்காமல் இருக்கக் கட்டும் அடிப்பட்டையைச் சவாரிப் பட்டை போல இறுக்கக் கூடாது. அது சற்றுத் தளர்வாகவே இருக்க வேண்டும்.

புண் வந்துவிட்டால்

முடி கலைந்து, தோல் சிவந்து, தொட்டால் சுருங்கினாலே சேணத்தை நிறுத்துங்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில், சுண்ணாம்பு எதையும் தடவ வேண்டாம். ஈ மொய்க்கவிடாதீர்கள், புழு வைத்தாலோ சீழ் கண்டாலோ உடனே மருத்துவரை அழையுங்கள். தோல் மூடி முடி முளைக்கும் வரை பட்டை படக் கூடாது. அதுவரை கையில் பிடித்து நடத்துங்கள்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. நாம் வளர்க்கும் கால்நடைகளில் ரணஜன்னி மிக எளிதாகத் தாக்குவது குதிரையைத்தான். இந்த நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. கொட்டகையில் படுத்து எழும் குதிரையின் பட்டைப் புண்ணில் அது நுழைய வழியுண்டு. உடம்பு விறைப்பு, வாய் திறக்க முடியாமை, வால் தூக்கி நிற்பது, கண்ணின் உள்மூலையிலிருந்து சவ்வு வந்து மூடுவது ஆகியவை அறிகுறிகள். வந்தபின் காப்பாற்றுவது கடினம். ரணஜன்னித் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். போடாத குதிரைக்கு முதலில் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் ஓர் ஊசி போட வேண்டும்.

பராமரிப்பு

ஓட்டி வந்ததும் பட்டையை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். பருத்தியை வாரம் ஒருமுறை துவைத்து, சோப்பு போக அலசுங்கள். தோலுக்குச் சேணச் சோப்பும் தோல் எண்ணெயும் போடுங்கள். கொக்கியில் துரு, தையலில் பிரிவு, எலாஸ்டிக்கில் தளர்ச்சி தெரிந்தால் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். ஓடும்போது பட்டை அறுந்தால் சேணத்தோடு நீங்களும் கீழேதான்.

புதுப் பட்டை கட்டிய முதல் வாரம், அவிழ்த்ததும் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். முடி ஒரே பக்கமாகப் படிந்து, வியர்வை இருபுறமும் சமமாக இருந்தால் பட்டை பொருந்துகிறது. ஓரிடம் மட்டும் முடி உராய்ந்து நின்றாலோ, வீங்கியிருந்தாலோ, அளவையோ வடிவத்தையோ மாற்ற வேண்டும். சரியான பட்டை போட்டு இரண்டு மூன்று வாரம் ஆகியும் குதிரை கடிப்பதை நிறுத்தவில்லை என்றால், காரணம் உடம்புக்குள் இருக்கலாம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். அவசரத்துக்குத் தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.